சுடுதண்ணிக்கும் சேர்த்தே பிளான் போடுங்கள்: கோவைப் பக்கம் மின்சாரம் மிச்சமாகும் வீடு கட்ட ஒரு முழு வழிகாட்டி

சோலார் ஹீட்டர் வைத்த முதல் மார்கழியில் எங்கள் அம்மாவுக்கு ஒரு புது வழக்கம் தொற்றிக்கொண்டது. விடியற்காலையில் சுடுதண்ணிக் குழாயைத் திறந்து, அடியில் பக்கெட்டை வைத்துவிட்டு, விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அரை பக்கெட் நிறைகிற வரைக்கும் பச்சைத் தண்ணிதான். அதற்கப்புறம்தான் சூடு எட்டிப் பார்க்கும். அந்த அரை பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் தெளிப்பார். தண்ணீர் வீணாகவில்லை, சரி. ஆனால் மொட்டை மாடியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் இருக்கும்போது கீழே ஏன் இந்தக் காத்திருப்பு?

ஹீட்டரில் ஒரு குறையும் இல்லை. அது மாடியின் தென்கிழக்கு மூலையில் இருந்தது, குளியலறை வடமேற்கு மூலையில். நடுவில் வளைந்து நெளிந்து 60 அடிக்கு ஓர் அங்குலக் குழாய். அந்தக் குழாயின் வயிற்றுக்குள் மட்டும் எட்டு ஒன்பது லிட்டர் தண்ணீர் நிற்கும். ராத்திரி முழுக்க அது ஆறிப்போகும், காலையில் அதை வெளியே தள்ளினால்தான் சூடானது வரும். வீடு கட்டி முடித்து, பெயின்ட் அடித்து, குடிவந்த பிறகு ஹீட்டரைப் பற்றி யோசித்ததன் விளைவு.

அதனால் இந்த வழிகாட்டியை ஹீட்டர் எந்தக் கம்பெனி என்ற கேள்வியிலிருந்து தொடங்கப் போவதில்லை. குளியலறை எங்கே வருகிறது, மாடிப்படி எங்கே ஏறுகிறது, மேல்தொட்டி எங்கே உட்காருகிறது என்று பிளான் தாளில் பென்சில் வைக்கும் நாளிலேயே உங்கள் சுடுதண்ணி பாதி முடிவாகிவிடுகிறது. மின்விசிறிக்கும் ஏசிக்கும் ஆகும் செலவும் அப்படித்தான். கோவையை ஒட்டிய ஒரு மனையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நாலு சென்ட், 30க்கு 58 அடி, கிழக்கு பார்த்த மனை. கீழும் மேலுமாக இரண்டு தளம். தாத்தா பாட்டியோ பிள்ளைகளோ சேர்த்து ஐந்து பேர்.

முதல் படி: பழைய கரண்ட் பில்லை எடுத்து வையுங்கள்

இப்போது இருக்கும் வீட்டில் எதற்கு எவ்வளவு யூனிட் போகிறது என்று தெரியாமல் புது வீட்டில் மிச்சம் பிடிக்க முடியாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறி பில் எகிறும். ஆகவே ஒரு நடுத்தரக் குடும்பத்தின் இலக்கு எளிது: எப்படியாவது 500க்குள் நிற்பது.

கீசரை முதலில் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி. ஐந்து பேர் ஆளுக்கு ஒரு 20 லிட்டர் பக்கெட் என்றால் 100 லிட்டர். குளிர்காலக் காலையில் 22 டிகிரியில் இருக்கும் தண்ணீரைக் குளிக்கும் பதமான 40 டிகிரிக்குக் கொண்டுவர 1,800 கிலோ கலோரி, அதாவது இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு மாதத்துக்கு 125 யூனிட். கோடையில் இதில் பாதிகூட ஆகாது.

இப்போது விசிறி. பழைய மாடல் சீலிங் ஃபேன் 75 வாட். நாலு ஃபேன் நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 3.6 யூனிட். அதே இடத்தில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக எடுக்கும் புது மோட்டார் வகை) போட்டால் ஒன்றரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 130 யூனிட் மிச்சம், அதுவும் வருஷம் பூராவும். சோலார் ஹீட்டரைப் பற்றி எழுத வந்தவன் இதைச் சொல்லக்கூடாதுதான், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால் முதலில் ஃபேனை மாற்றுங்கள், அடுத்த வருஷம் ஹீட்டர் வாங்கலாம். குழாயை மட்டும் இப்போதே போட்டு வையுங்கள்.

ஏசி தனி ராஜ்ஜியம். ஓர் இரவுக்கு ஐந்தாறு யூனிட் தின்றாலே இரண்டு மாதத்தில் 300ஐத் தாண்டும். ஏசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருஷத்தில் ஆறு மாதம் ஓடவேண்டியது இரண்டு மாதத்தோடு நின்றால் போதும். அதற்கான வேலை சுவரிலும் கூரையிலும் இருக்கிறது.

இரண்டாம் படி: மனையில் வெயில் எப்படிப் போகிறது என்று பாருங்கள்

கோவை ஏறக்குறைய 11 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. இதன் பொருளைப் பலர் கவனிப்பதில்லை. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயில் நமக்கு வடக்கிலிருந்து விழுகிறது. மற்ற எட்டு மாதம் தெற்கிலிருந்து. மார்கழி நடுப்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து தொடுவானத்திலிருந்து 55 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆனி மாதத்தில் வடக்கே, கிட்டத்தட்டத் தலைக்கு மேல், 77 டிகிரியில்.

ஆகவே தெற்குச் சுவரும் வடக்குச் சுவரும் நமக்குப் பெரிய தொல்லை இல்லை. நாலடி உயர ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு போட்டால் வடக்குப் பக்கம் உச்சி வெயில் உள்ளே வரவே வராது. தெற்கில் மார்கழி தை மாதங்களில் மட்டும் ஜன்னலின் கீழ்ப்பாதியில் கொஞ்சம் விழும், அந்தக் குளிருக்கு அது நல்லதுதான். சிக்கல் கிழக்கும் மேற்கும். சாயங்காலம் நாலு மணிக்கு சூரியன் 30 டிகிரி உயரத்தில் நேராக மேற்கு ஜன்னலுக்குள் பார்க்கும்போது, அதை சன்ஷேடால் மறைக்க ஏழடி நீட்ட வேண்டும். யாரும் அப்படிப் போடமாட்டார்கள். இருந்தும் நாலு பக்கமும் ஒரே அளவில் ஒன்றரை அடி சன்ஷேடு போடும் பழக்கம் மட்டும் போகவில்லை.

நமது மனை 30க்கு 58, நீளம் கிழக்கு மேற்காக ஓடுகிறது. இது அதிர்ஷ்டம். நீளச் சுவர்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன, குட்டைச் சுவர்கள்தான் ஏறுவெயிலுக்கும் இறங்குவெயிலுக்கும் காட்டப்படுகின்றன.

ஆனால் கோவைக்கென்று ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடி மாதங்களில் அடிக்கும் காற்று மேற்கிலிருந்துதான் வருகிறது. வெயிலும் மேற்கே, காற்றும் மேற்கே. வெயிலுக்குப் பயந்து மேற்கை மொத்தமாக அடைத்தால் ஊருக்கே கிடைக்கும் காற்று உங்களுக்கு மட்டும் கிடைக்காது. இதற்கு ஒரு வழி இருக்கிறது, அடுத்த படியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: அறைகளை அடுக்குங்கள்

மேற்குச் சுவரை ஒட்டி யாரும் நிரந்தரமாக உட்காராத இடங்களை வையுங்கள். மாடிப்படி, குளியலறை, துணி துவைக்கும் இடம், ஸ்டோர். இவை சூடானாலும் யாருக்கும் தூக்கம் கெடாது. பெட்ரூமுக்கும் இறங்குவெயிலுக்கும் நடுவே ஒரு தடுப்பாக நின்றுவிடும். படுக்கும் அறையின் மேற்குச் சுவர் மாலை முழுவதும் வெயில் குடித்துவிட்டு இரவு பத்து மணிக்கு அதைக் கட்டில் பக்கம் கக்குவதுதான் ஏசி போடும் அவசரத்துக்கு முக்கியக் காரணம். கையை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

காற்றுக்கு மாடிப்படியைப் பயன்படுத்துங்கள். மேற்குப் பக்கப் படிக்கட்டுச் சுவரில் கண்ணாடிக்குப் பதில் ஜாலி, அதாவது ஓட்டை ஓட்டையான தடுப்பு வையுங்கள், கொசுவலை அடித்து. வெயில் பொடிப்பொடியாக உடைந்து விழும், காற்று தாராளமாக வரும். மேலே ஹெட்ரூமில், அதாவது படி மொட்டை மாடிக்கு ஏறி முடியும் அறையில், எதிர்ப்பக்கம் ஒரு பெரிய வெண்டிலேட்டர் வைத்தால், காற்று அடிக்காத நாளிலும் வீட்டுச் சூடு அந்தக் கிணறு போன்ற இடத்தின் வழியே ஏறி வெளியே போகும். ஆடிச் சாரலில் நனையாமல் இருக்க ஜாலிக்கு உள்பக்கம் ஒரு சாத்தும் கதவு இருக்கட்டும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். வடமேற்கு மூலையில் மாடிப்படி. அதற்குத் தெற்கே ஒட்டினாற்போல் கீழ்த்தளக் குளியலறை, அதற்கு நேர் மேலே மேல்தளக் குளியலறை. சமையலறை வேறு மூலையில் இருந்தாலும் பரவாயில்லை, அங்கே சுடுதண்ணித் தேவை குறைவு. மொட்டை மாடியில் ஹெட்ரூமின் மேல் சிண்டெக்ஸ் தொட்டி. ஹெட்ரூமுக்குத் தெற்கே, குளியலறைகளின் நேர் உச்சியில், சோலார் ஹீட்டர் தெற்கு பார்த்து. குழாய் செங்குத்தாக இறங்கினால் மேல்தளக் குளியலறைக்கு 15 அடிக்குள் முடிந்துவிடும். முக்கால் அங்குலக் குழாயில் அந்த 15 அடிக்குள் நிற்பது ஒன்றேகால் லிட்டர். இரண்டு சொம்பு ஊற்றுவதற்குள் சூடு வந்துவிடும்.

வாஸ்து பார்ப்பவர்கள் மேல்தொட்டியைத் தென்மேற்கில் வைக்கச் சொல்வார்கள். வீட்டுப் பெரியவர்களோடு இதற்காகச் சண்டை போடுவதில் பயனில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: எட்டடி உயரமுள்ள எதுவாக இருந்தாலும் மார்கழியில் அதன் நிழல் நடுப்பகலில் ஐந்தரை அடியும், காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் கிட்டத்தட்ட 12 அடியும் வடக்குப் பக்கமாகச் சாயும். தென்மேற்கில் தொட்டி வந்துதான் தீரும் என்றால் ஹீட்டரை அதற்கு வடக்கே வைக்காமல், அதே தெற்கு ஓரத்தில் கிழக்கே தள்ளி வையுங்கள். கீழே குளியலறையையும் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மனை காலியாக இருந்தால் அங்கே நாளைக்கு மூன்று மாடி எழும்பும் என்றே நினைத்துக்கொண்டு இடம் பாருங்கள்.

நான்காம் படி: கூரை, அப்புறம் சுவர்

வெப்பமண்டல வீட்டில் அதிகச் சூடு இறங்குவது மொட்டை மாடி வழியாக. இந்தியாவின் வீட்டுக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு 2018இல் வெளியானது, பெயர் ஈகோ நிவாஸ் சம்ஹிதா. கூரை வழியே சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட்டுக்கு மேல் சூடு கடத்தக்கூடாது என்கிறது. நாம் போடும் ஆறு அங்குல கான்கிரீட் தளம் வெறுமனே இருந்தால் மூன்று வாட்டுக்கு மேல் கடத்தும். அளவுக்கு இரண்டரை மடங்கு.

பழைய முறையில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து மேலே தட்டோடு பதிப்பார்கள். மழைக்கு அருமை, சூட்டுக்கும் உதவும், ஆனால் அது மட்டும் அந்த 1.2ஐத் தொடாது. தளத்தின் மேல் ஓர் அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை (தெர்மோகோல் மாதிரி, ஆனால் கெட்டியான ஃபோம்) விரித்து, அதன்மேல் சரிவு கான்கிரீட்டும் வெள்ளை டைலும் போட்டால் அளவுக்கு உள்ளேயே வந்துவிடும். பலகையைத் தளத்துக்குக் கீழே, அறைக்குள் ஒட்டுவதைவிட மேலே போடுவதே நல்லது. கான்கிரீட் சூடாகாமலேயே இருக்கும், விரிசலும் குறையும். பணம் பிடிக்கிறது என்றால் குறைந்தபட்சம் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட்டாவது அடியுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கொரு முறை தூசி ஏறி மங்கியதும் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சுவருக்கு ஒரே பொருளை நாலு பக்கமும் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மேற்குச் சுவருக்கு மட்டும் ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கல்) போடலாம், செங்கல்லைவிட நாலைந்து மடங்கு மெதுவாகவே சூட்டைக் கடத்தும். செங்கல்தான் வேண்டும் என்றால் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு முறை இருக்கிறது. செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவரே கிடைக்கும், செங்கல் கால்வாசி மிச்சம், உள்ளே நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும். ஆனால் பழகிய கொத்தனார் வேண்டும். பழகாத ஆள் வெற்றிடத்தை எல்லாம் கலவையால் ரொப்பி வைத்துவிடுவார், அப்புறம் மிச்சமும் இல்லை, தடுப்பும் இல்லை.

ஐந்தாம் படி: எத்தனை லிட்டர் வேண்டும்?

கடைக்குப் போனால் ஐந்து பேருக்கு 200, 300 லிட்டர் என்பார்கள். நாமே கணக்குப் போடுவோம். தொட்டியில் 60 டிகிரி, குழாயில் 22 டிகிரி, நமக்கு வேண்டியது 40. கலவையில் சுடுதண்ணியின் பங்கு பாதிக்கும் சற்றுக் குறைவு. 20 லிட்டர் பக்கெட்டுக்கு ஒன்பதரை லிட்டர் போதும். ஐந்து பேர் பக்கெட்டில் குளித்தால் 50 லிட்டருக்குள் முடிந்தது. எல்லாரும் ஷவரில் ஆளுக்கு 45 லிட்டர் ஊற்றினால் 107 லிட்டர்.

ஆனால் 100 லிட்டர் தொட்டியிலிருந்து 100 லிட்டரும் சூடாக வராது. எடுக்க எடுக்கக் கீழே பச்சைத் தண்ணீர் புகுந்து கலக்கும், முக்கால் பங்குதான் உருப்படியாகக் கிடைக்கும் என்று வையுங்கள். ராத்திரியில், சூடு போகாமல் தடுக்கும் நல்ல பஃப் ஃபோம் உறை போட்ட தொட்டியாக இருந்தால் ஐந்தாறு டிகிரி இறங்கும். ஆக, பக்கெட் குடும்பத்துக்கு 100, ஷவர் குடும்பத்துக்கு 150. அதற்கு மேல் வாங்குவது கோடையில் யாரும் தொடாத கொதிநீரை மாடியில் சேர்த்து வைப்பதற்குத்தான்.

100 லிட்டருக்கு இரண்டு சதுர மீட்டர் தகடு என்பது பொதுவான அளவு. நம் ஊரில் நாளைக்குச் சதுர மீட்டருக்கு ஐந்து யூனிட் அளவுக்கு வெயில் விழுகிறது. இரண்டு மீட்டரில் பத்து, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தால் நாலு, நாலரை யூனிட். 100 லிட்டரை 25லிருந்து 60க்கு ஏற்ற நாலு யூனிட்தான் வேண்டும். கணக்கு உட்காருகிறது.

ஆறாம் படி: உங்கள் தண்ணீர் எது என்று பார்த்து ஹீட்டரைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு வகை. தகட்டு வகை: கண்ணாடிக்கு அடியில் கறுப்புச் செம்புத் தகடு, அதில் மெல்லிய செம்புக் குழாய்கள். கண்ணாடிக் குழாய் வகை: இரண்டடுக்குக் கண்ணாடிக் குழாய்கள், அடுக்குக்கு நடுவே வெற்றிடம், பிளாஸ்க் மாதிரி. கடைக்காரர்கள் முதலாவதை எஃப்பிசி என்பார்கள், இரண்டாவதை ஈடிசி.

சிறுவாணித் தண்ணீர் வரும் வீடென்றால் எதை வாங்கினாலும் சரி. தகட்டு வகை விலை கூடுதல், ஆனால் எளிதில் உடையாது, பல வருஷம் உழைக்கும். போர் தண்ணீர் என்றால் நிதானமாக யோசியுங்கள். உப்புத் தண்ணீர் 60 டிகிரிக்கு மேல் போகும்போது சுண்ணாம்பு படிவது வேகமெடுக்கும். சோறு வடிக்கும் குண்டானின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். அரை அங்குலச் செம்புக் குழாய்க்குள் அது படிந்தால் மூன்று நாலு வருஷத்தில் மாரடைப்பு மாதிரி அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாயில் வாய் அகலம், படிந்தாலும் குழாயைக் கழற்றிக் கழுவலாம். ஆகவே போர் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய். தகட்டு வகைதான் வேண்டும் என்றால், வீட்டுத் தண்ணீர் தகட்டுக்குள் போகாமல் தனிச் சுற்றில் ஓடும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மாடல் கேளுங்கள். எதுவானாலும் தொட்டிக்குள் மெக்னீசியம் தண்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தொட்டி அரிப்பதற்குப் பதில் அந்தத் தண்டு கரையும். தண்ணீரைப் பொறுத்து இரண்டு வருஷத்துக்கொரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: மாடியில் பொருத்துவது

இங்கேதான் பிளம்பர் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும்.

ஹீட்டர் தெற்கு பார்க்கட்டும். சாய்வு 20லிருந்து 25 டிகிரி. நமக்குச் சூடு அதிகம் தேவைப்படும் மார்கழி தை வெயிலுக்கு அதுதான் பொருத்தம். சூடான தண்ணீர் எடை குறைந்து தானாக மேலேறித் தொட்டிக்குப் போகும், பம்ப் வேண்டாம். சிண்டெக்ஸ் தொட்டியின் அடிப்பாகம், ஹீட்டர் தொட்டியின் தலையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஹெட்ரூமின் மேல் வைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

ஏர் வென்ட் குழாயை சிண்டெக்ஸ் தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஏற்றி விடச் சொல்லுங்கள். குட்டையாக விட்டால் தண்ணீர் அதன் வழியே வழிந்துகொண்டே இருக்கும். வழிகிறது என்று மூடி போட்டு அடைத்துவிடும் புண்ணியவான்களும் உண்டு. நீராவிக்கும் காற்றுக்கும் வழி இல்லாமல் தொட்டி உப்பும், அல்லது தண்ணீர் இறங்கும்போது உள்ளே ஒடுங்கும். பச்சைத் தண்ணீர் வரும் பாதையில், தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வும், கழற்றி மாட்ட ஒரு கேட் வால்வும் வேண்டும்.

வெள்ளை பிவிசி குழாய் சுடுதண்ணிக்கு ஆகாது, இளகித் தொங்கும். சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும். சித்திரை வெயிலில் இரண்டு நாள் யாரும் குளிக்காவிட்டால் கண்ணாடிக் குழாய் ஹீட்டர் அந்த அளவை நெருங்கிவிடும், ஆகவே தொட்டியிலிருந்து வெளிவரும் முதல் சில அடியை ஜிஐயிலோ செம்பிலோ போடுவது புத்திசாலித்தனம். குழாய்க்குக் கறுப்பு நைட்ரைல் உறை மாட்டி, வெயில் படும் இடத்தில் அதன்மேல் அலுமினியத் தகடு சுற்றுங்கள். சுற்றாவிட்டால் இரண்டு கோடையில் அந்த உறை பழைய தோசை மாதிரி பொரிந்து உதிரும். சுவருக்குள் பதிக்கும் குழாய்க்கும் உறை தேவை, பூசிய பிறகு யாராலும் போட முடியாது.

ஷவர் பற்றி ஒரு வார்த்தை. தொட்டிக்கும் ஷவருக்கும் 12 அடி உயர வித்தியாசம் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் ஒரு ‘பார்’ (அழுத்தத்தின் அளவு) அளவில் மூன்றில் ஒரு பங்கு. விளம்பரத்தில் வரும் மழை ஷவர் அதில் பொழியாது, சிணுங்கும். அதற்காகப் பிரஷர் பம்ப் வைக்க நினைத்தால் அழுத்தம் தாங்கும் ஹீட்டரை முதலிலேயே வாங்க வேண்டும். சாதாரண ஹீட்டருக்குள் பம்பின் அழுத்தத்தைக் கொடுத்தால் தொட்டி வெடிப்புவிடும், குழாய்களின் ரப்பர் வாய் கசியும்.

150 லிட்டர் ஹீட்டர் தண்ணீரோடு 200 கிலோவுக்கு மேல் வரும். கால்கள் பீமின் மேலோ சுவரின் மேலோ உட்கார வேண்டும். அம்மியே பறக்கும் என்று சொல்லும் ஆடிக் காற்று நம் ஊரில் நிஜமாகவே அடிக்கிறது. கால்களைச் சின்னக் கான்கிரீட் கட்டையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். எக்ஸ்பிஎஸ் பலகை விரிப்பதற்கு முன்பே இந்தக் கட்டைகளை எழுப்பிவிட்டால் மாடியைப் பிறகு ஓட்டை போட வேண்டியதில்லை. தளம் ஒழுக ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்த ஓட்டைகளில்தான்.

எட்டாம் படி: ஐப்பசி மழைக்கு என்ன செய்வது

மூன்று நாள் மூடாக்கு போட்டால் ஹீட்டர் படுத்துவிடும். தொட்டிக்குள்ளேயே 2,000 வாட் காயில் வைத்துத் தருவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருவர் குளிக்க 100 லிட்டரையும் சூடாக்கினால் மூன்று யூனிட் போகும், மீதி ராத்திரியில் ஆறும். அதைவிடக் குளியலறையில் மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் ஒன்று வைத்து, தேவைப்படும் அன்று, தேவைப்படும் ஆளுக்கு மட்டும் போடுவது மேல். சோலார் தண்ணீரைக் கீசர் வழியாகவே விடும் இணைப்பு வேண்டாம், இரண்டுக்கும் தனித்தனி வால்வு இருக்கட்டும். தோட்டம் உள்ளவர்களுக்கு இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை. தென்னை மட்டையும் தேங்காய்த் தொட்டியும் கிடக்கும்போது பின்கட்டுச் செம்பு பாய்லர் எந்த மழைக்கும் அஞ்சாது.

இன்னொரு மலிவான வழி, குளிக்கும் நேரத்தை மாற்றுவது. தொட்டி அதிகச் சூடாக இருப்பது சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அப்போதே குளித்துவிட்டால் காலையில் பெரியவர்களுக்குப் போட்டி இருக்காது. பிள்ளைகள் குளிக்கும்போது பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் சுடுதண்ணி. கோடையில் குழாயில் வருவது கையை வேகவைக்கும் சூடு.

ஒன்பதாம் படி: ஹீட்டரா, சோலார் பேனலா?

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தில் மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கு இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் மானியம். தண்ணீர் சூடாக்கும் ஹீட்டருக்கு அந்த மானியம் இல்லை. ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு நாலு யூனிட் வரை தரும், அதற்கு ஐந்தாறு சதுர மீட்டர் பேனல் வேண்டும். அதே சூட்டை ஹீட்டர் இரண்டு சதுர மீட்டரில் தருகிறது. ஆனால் பேனல் தரும் மின்சாரம் கோடையில் ஃபேனுக்கும் போகும், சுடுதண்ணி எதற்கும் போகாது.

மாடியில் இடம் குறைவு, வீட்டில் ஆள் அதிகம், காலையில் எல்லாரும் சுடுதண்ணியில் குளிப்பவர்கள் என்றால் ஹீட்டர். இரண்டே பேர், வருஷத்தில் மூன்று மாதம் மட்டும் சுடுதண்ணி என்றால் பேனலோடு நிறுத்திக்கொள்ளலாம். நம் ஐந்து பேர் வீட்டுக்கு இரண்டும் பொருந்தும். ஹீட்டர் வடமேற்கில், பேனல் தென்பாதியில் ஆளுயரச் சட்டத்தில். அந்தப் பேனல் அடியில் விழும் நிழல் கீழ்ப் பெட்ரூமுக்கு இலவசக் குடை. சட்டத்தின் நிழல் மார்கழியில் ஹீட்டர் வரை வராதபடி இடைவெளி விட வேண்டும், மேலே சொன்ன நிழல் கணக்கே இதற்கும்.

கடைசிப் படி: பொருத்தும் நாளில் பார்க்க வேண்டியவை

கண்ணாடிக் குழாய்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய், திரும்பி வந்து மாட்டி, உடனே பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டால் குழாய் பட்டென்று வெடிக்கும். காலி ஹீட்டரில் நடுப்பகலில் தண்ணீர் நிரப்பவே கூடாது. விடியலிலோ இருட்டிய பிறகோ நிரப்பச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் குழாய்களின் மேல் ஒரு தார்ப்பாய் போர்த்திவிட்டுப் போங்கள்.

தண்ணீர் விட்ட மறுநாள் காலை, குளியலறையில் ஒரு லிட்டர் பாட்டிலோடு நில்லுங்கள். சூடு வருவதற்குள் எத்தனை பாட்டில் பச்சைத் தண்ணீர் வருகிறது என்று எண்ணுங்கள். மேல்தளத்தில் இரண்டுக்குள் இருந்தால் குழாய் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். ஆறு ஏழு வந்தால் எங்கோ சுற்றிக்கொண்டு வருகிறது, மேஸ்திரி கணக்கு முடிப்பதற்குள் கேளுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு குழாயின் அடிமுனையையும் பாருங்கள். அங்கே கண்ணாடி போல வெள்ளிப் பூச்சு மின்ன வேண்டும். அது பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம், அந்தக் குழாய் இனி சூட்டைப் பிடித்து வைக்காது. கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து வேறு மாட்டச் சொல்லுங்கள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மாடியைக் கழுவும்போது குழாய்களின் மேல் படிந்த தூசியைத் துடைத்துவிட்டு, குனிந்து அந்த அடிமுனைகளையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.